நெல் அவிக்கும் முற்றத்தில் ஏழாம் வகுப்பு

போர்டிங்கில் ஓண விடுமுறை நெருங்கினால் பெண்களெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மணியடிக்காத காலை, ஜெபத்துக்கு யாரும் தட்டி எழுப்பாத காலை, வெயில் முகத்தில் விழுந்த பிறகும் புரண்டு படுக்கலாம் என்கிற காலை. வீட்டுக்குப் போனதும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சாப்பிடுவதற்கு மட்டும் எழுந்திருக்கப்போவதாக ஒருத்தி சொல்வாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். ஆனால் நாகர்கோவிலில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே என் மனம் வேறு வேலையில் இறங்கிவிடும். இந்தப் பள்ளித் தவணையில் நடந்த பாடங்களில் எதை முதலில் என் தோழியிடம் சொல்வது? சுசீந்திரத்துக் கோபுரம் கண்ணில் படும்போது பாதி ஒழுங்காகியிருக்கும். கொட்டாரத்தில் இறங்கும்போது நாக்கு நுனியில் வந்து நிற்கும்.

அவளும் நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் இருந்தவர்கள். கணக்கில் அவள்தான் முதல். வாத்தியார் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, தவறு செய்தவள் போல உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஐந்தாம் வகுப்பு முடியும் முன்பே அவள் பெரியவளாகிவிட்டாள். சடங்கு கழிந்தது, பள்ளிக்கூடம் நின்றது. அவர்கள் நிலபுலமுள்ள வேளாளக் குடும்பம். அந்த வீடுகளில் அன்று அதுதான் நடப்பு. யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குக் கொட்டாரம் சந்தையில் ஜவுளிக்கடை. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் அந்த வருஷமே என்னை நாகர்கோவிலில் போர்டிங்கில் சேர்த்துவிட்டார்கள்.

முதல் ஓண விடுமுறைக்கு வந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். முதல் போகமான கன்னிப்பூ அறுவடை முடிந்து எல்லா வீட்டிலும் புது நெல் மணத்துக்கொண்டிருந்த நேரம். அவர்கள் வீட்டுக்குள் நான் புழங்குவது வழக்கமில்லை. புறவாசல் வழியாகப் பின்முற்றம் வரைதான் போவேன். அங்கே செம்பு அண்டாவில் நெல் வெந்துகொண்டிருந்தது. அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு காய்ந்த தென்னங்கொதும்பும் மட்டையும் அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தாள். தாவணியில் அவளை அப்போதுதான் பார்க்கிறேன். பெரிய பெண் போல இருந்தாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அவள்தான் கேட்டாள். “எப்பம் வந்தே?”

“இண்ணைக்குக் காலம்பற.”

“அங்க என்னத்தச் சொல்லித் தாறாவ?”

நான் பெருமையாக நைல் நதியைப் பற்றி ஒப்பித்தேன். எங்கே பிறக்கிறது, எந்தெந்த நாட்டின் வழியாகப் பாய்கிறது, எந்தக் கடலில் கலக்கிறது, முகத்துவாரத்தில் எப்படிப் பல கிளைகளாகப் பிரிகிறது, எல்லாம். போர்டிங்கில் உரக்கப் படித்துப் படித்து மனப்பாடமாகிக் கிடந்த வரிகள், தடங்கலில்லாமல் வந்தன. அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

“பெறவு என்னத்துக்குப் பிரியுது? நம்ம பழையாறு மணக்குடியில போயிக் கடல்ல விழுது. அது பிரியேல்லியே.”

எனக்குத் தெரியாது. புத்தகத்தில் பிரிகிறது என்றுதான் இருந்தது. ஏன் என்று இருந்ததோ என்னவோ, நான் கவனித்ததில்லை.

“தெரியாது” என்றேன்.

“தெரியாம எப்பிடியாக்கும் இம்புட்டும் சொன்னே?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நான் வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்டாவின் ஆவி முகத்தில் அடிக்க, இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்து அந்தப் பக்கத்தை வாசித்தோம். ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து அதன் வழியையே அடைத்துவிடுகிறது என்று இரண்டு வரி தள்ளிப் போட்டிருந்தது. மழைக்குப் பிறகு முற்றத்துத் தண்ணீர் அரித்துக்கொண்டுபோன மண், வாய்க்காலோரம் விசிறி போல விரிந்து கிடப்பதை அவள் கையை நீட்டிக் காட்டினாள். “இதாக்கும் அது” என்றாள். நைல் நதி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையும் அந்த முற்றத்தில்தான் கழிந்தது. ஓணம், கிறிஸ்துமஸ், கோடை என்று எப்போது வந்தாலும் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் வருவேன். பகலில் அவளுக்கு வேலை ஓயாது. நெல் அவிக்க வேண்டும், காயப்போட வேண்டும், காக்கை விரட்ட வேண்டும். அந்த வேலைகளின் ஊடேதான் எங்கள் வகுப்பு நடந்தது. நான் ஒரு பாடத்தை வாசிப்பேன். உடனே புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவாள். ஈரநெல்லைப் பாயில் பரப்பிக் காலால் கோடு இழுத்துக்கொண்டே, வாசித்ததைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்வாள். தடுக்கினால் மட்டும் மறுபடி திறக்கலாம். ஒரு பாடத்தை ஒரே நாளில் இரண்டு முறை வாசிக்க விடமாட்டாள். “நாளைக்கு நெனவு இருக்கான்னு பாப்போம். இல்லேண்ணா திரும்பப் படிச்சாப் போச்சு” என்பாள். அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகம் என் கையோடு போய்விடும் என்பதால், இருக்கும்போதே எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி.

இதைக் கேட்டுக்கொண்டு இன்னொருத்தியும் அங்கே இருந்தாள். என் தோழியின் அண்ணன் மனைவி. நாங்கள் இருவருமே மதினி என்றுதான் கூப்பிடுவோம். அம்மா இல்லாத அந்த வீட்டில் மதினி வைத்ததுதான் சட்டம். எதற்கும் சிரிக்கமாட்டாள். முறத்தோடு வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருப்பாள். நாங்கள் பேசுவது அவள் காதில் விழுவதாகவே தெரியாது. ஒருநாள் வட்டி விகிதக் கணக்கு ஒன்றில் நான் திணறிக்கொண்டிருந்தபோது முறத்தின் சத்தம் நின்றது.

“நேத்து இப்பிடியாட்டி சொன்னிய? மொதலக் கொண்டு பெருக்கணும்னுல்லா சொன்னிய.”

நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் முறம் மறுபடி சத்தமிடத் தொடங்கிவிட்டது. தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு எந்தப் பாடத்தையும் மதினிக்குச் சொல்லிப் பார்க்காமல் விடுவதில்லை என்று ஆயிற்று. மதினிக்கு விளங்காவிட்டால் எங்களுக்கும் விளங்கவில்லை என்று அர்த்தம். “மனசிலாவேல்ல, திருப்பிச் சொல்லு” என்று அவள் முகத்தைத் தூக்காமலே சொல்வாள். நாங்கள் திருப்பிச் சொல்வோம்.

போர்டிங்கில் என் மதிப்பெண் ஏறியது. எப்படிப் படிக்கிறாய் என்று ஆசிரியை கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் உரக்கப் படிக்கும் நேரத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்த்து அதட்டினார்கள். உள்ளுக்குள் நான் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கக்கூடிய கேள்வியை நானே கேட்டுக்கொண்டு பதில் தேடிக்கொண்டிருந்தேன். தவணை நடுவில் சில நாள் அது போதாது. ஜன்னலுக்கு வெளியே கிழக்கே பார்ப்பேன். அந்தப் பக்கம் எங்கேயோ அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். இந்தப் பாடம் நடந்தது அவளுக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம், கிறிஸ்துமஸ் விடுமுறையில், அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துக்குப் போவாம ஏழாங்கிளாஸ் பரீட்ச எழுத முடியுமா?”

ஏழாம் வகுப்பு முடிவில் நடக்கும் சர்க்கார் பரீட்சையைத் தனியாகப் படித்தவர்களும் விண்ணப்பம் போட்டு எழுதுவதுண்டு என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. சொன்னேன். அவள் அடுப்பில் இன்னொரு மட்டையைத் தள்ளினாள். பிறகு எங்கள் வாயிலிருந்து கனவுகள் கொட்டின. இருவரும் பாஸாவோம். இருவரும் நாகர்கோவிலில் டிரெயினிங் படிப்போம். ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சராவோம். அவளுக்கு நான்காம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு. ஏன் அப்படிப் பிரித்தோம் என்று இப்போது நினைவில்லை. ஆனால் அன்று அது முடிவாகிவிட்டது.

அவளுடைய அப்பா குரல் உயர்த்தாத மனிதர். அன்று மாலை களத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் அவளே கேட்டாள். நான் புறவாசலில் நின்றேன்.

“பொம்பளப் பிள்ளைக்குப் பரீட்ச என்னத்துக்கு மக்கா?” என்றார் அவர். “நாகருகோயிலுக்குப் போயி அன்னியம் அசல் முன்ன இருந்து எழுதணுமாக்கும்? வேண்டாம் கேட்டியா.”

அவ்வளவுதான். அவர் துண்டால் காலைத் துடைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அடுக்களை வாசலில் மதினி வந்து நின்றாள். மாமனார் முன்னால் அவள் நின்று பேசி நான் பார்த்ததேயில்லை.

“மாமா, பிள்ள ரெண்டு வருசமா அடுப்பு முன்ன இருந்து படிச்சா. ஒரு நாளாவது நெல்லு கொழைஞ்சுதா? ஒரு நாளாவது பாயில காக்கா கொத்திச்சா? இல்லேல்லா. எழுதட்டு. எங்க அம்ம வீடு நாகருகோயில்ல வடிவீஸ்வரத்துலதான இருக்கு. நான் கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டு வாறேன்.”

பெரியவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபமா வியப்பா என்று தெரியவில்லை. “நீயுமா படிச்சே?” என்று மட்டும் கேட்டார். மதினி உள்ளே போய்விட்டாள். மறுநாள் தோழியின் அண்ணன் விண்ணப்பத்துக்காக ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பங்குனி வெயிலில் பரீட்சை வந்தது. இரண்டாம் போகமான கும்பப்பூ அறுத்து முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடந்த காலம். போர்டிங் பெண்கள் வரிசையாக நடந்து பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலில் அவள் நின்றிருந்தாள். நாகர்கோவில் மண்ணில் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கஞ்சி போட்ட தாவணி உடம்பில் ஒட்டாமல் விறைத்து நின்றது. கையில் பேனாவும் மைக்கூடும். பக்கத்தில் மதினி, ஒரு தூக்குச் சட்டியோடு.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“நெல்லு வாசனை இல்லாம எழுத வருமாண்ணுதான் இருக்கு” என்றாள்.

பெண்களுக்குத் தனி அறை. அவளுக்கு இடம் கிடைத்தது எனக்கு முன்னால் இரண்டு பலகை தள்ளி. எழுதும்போது ஒருமுறைகூட அவள் திரும்பவில்லை. நான்தான் அவ்வப்போது அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டேன். அவள் தலை குனிந்திருந்தால் எழுதுகிறாள் என்று அர்த்தம். அது எனக்குத் தைரியமாக இருந்தது.

மத்தியானம் மதினி வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்தாள். தயிர்ச் சோறும் நாரத்தங்காயும். போர்டிங்கிலிருந்து எங்களுக்கும் ஏதோ கொடுத்துவிட்டிருந்தார்கள். அதைத் தின்றுகொள்கிறேன் என்று நான் சற்று விலகி உட்காரப்போனேன். அந்த வீட்டில் அத்தனை வருஷமும் எனக்குத் தண்ணீர்கூடத் தனிச் செம்பில்தான் வந்திருக்கிறது. அதை நானோ அவர்களோ பேசியதில்லை. மதினி வாழையிலையை இரண்டாகக் கிழித்து ஒன்றில் சோற்றை உருட்டி வைத்து என் பக்கம் தள்ளினாள்.

“இங்கன வந்து இரி. அடுத்தது கணக்காக்கும். பசியோட கணக்கு வராது.”

அவள் கையால் பிசைந்த சோறு. நான் தின்றேன். தோழி தன் இலையிலிருந்த நாரத்தங்காயை என் இலைக்கு மாற்றினாள். இன்றுவரை அதைப் போல ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உப்பு கொஞ்சம் கூடுதல்தான்.

கோடை விடுமுறையில் முடிவு வந்தது. இருவரும் பாஸ். அவள் கணக்கில் என்னைவிட நிறைய வாங்கியிருந்தாள். செய்தி கேட்டு அப்பா சந்தையிலிருந்து கற்கண்டு வாங்கி வந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடினேன். அவளுடைய அப்பா என்னைக் கண்டு சிரித்தார். “ரெண்டு பேரும் பேரு வாங்கிட்டியளே” என்றார். அந்த மனிதர் அதற்குள் எல்லாரிடமும் தன் மகள் ஏழு பாஸானதைச் சொல்லிவிட்டிருந்தார். சந்தையில், கோவிலில், கல்யாண வீடுகளில்.

அப்படித்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆலப்புழையில் அஞ்சலாபீசில் குமஸ்தா. சொந்தத்தில் தூரம்தான், ஆனால் நல்ல குடும்பம். படித்த பெண் வேண்டும் என்று இருந்தவர். ஏழு பாஸான பெண் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தார்கள். பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. ஆவணிக்கு முன்பே நாள் குறித்துவிட்டார்கள். நாங்கள் சேர்ந்திருப்பதற்காகப் படித்த படிப்புதான் அவளை ஆலப்புழைக்குக் கொண்டுபோனது. இதைப் பிற்காலத்தில் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத காரியம் அது. அதனாலேயே ஆறவும் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்து முற்றத்துக்குப் போனேன். அழவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

“அங்க ரோட்டுக்குப் பதிலு தோடாம் ஏட்டி, வாய்க்காலுக்கு அங்க அதாக்கும் பேரு. துடுப்பு போட்டு வள்ளத்துலதான் எல்லாரும் போறதாம். ஆபீசுக்கும் வள்ளத்துலதான் போவாராம். நாம படிச்சோம்லா, கடலோரத்து ஏரிய காயலுன்னு, அதெல்லாம் அங்கதான் கெடக்காம்.”

“டிரெயினிங்?” என்றேன்.

அவள் அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீ போ” என்றாள். “போயி என்ன படிச்சேன்னு வந்து சொல்லு.”

“எங்க வந்து சொல்ல?”

அவள் கிண்டிக்கொண்டிருந்த நெல்லையே கிண்டினாள். அவள் சந்தோஷமாக இருந்தது எனக்கு வலித்தது. அவளை அனுப்பிவிட்டு நான் அழவேண்டும் என்றிருந்தால், அவளும் கொஞ்சம் அழுதிருக்கலாம். அந்த வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஓண விடுமுறைக்கு நான் ஹைஸ்கூல் புத்தகங்களோடு வந்தேன். முதல் நாள் விடிந்து வெகுநேரம் படுத்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். மத்தியானமும் தூங்கினேன். போர்டிங் பெண்கள் ஏங்கிய அந்த ஓய்வு எனக்குக் கிடைத்துவிட்டது. இரண்டாம் நாளே அது தின்னத் தெரியாத பண்டம் போல ஆகிவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து நெல் அவிக்கும் மணம் வந்துகொண்டே இருந்தது. அந்த மணம் வந்தால் யாரிடமாவது எதையாவது சொல்லவேண்டும் என்று நாக்குத் துடித்தது. சாயங்காலம் கால்கள் தாமாகவே புறவாசலுக்குக் கொண்டுபோய்விட்டன.

மதினி தனியாக அண்டாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த மணையை நகர்த்திப் போட்டாள்.

“புஸ்தகம் கொண்டு வரல்லியா?”

“இல்ல மதினி.”

“பரவாயில்ல. வாயால சொல்லு. இப்பம் என்ன நடக்கு அங்க?”

நான் சந்திர கிரகணப் பாடத்தைச் சொன்னேன். பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவதைக் கையால் காட்டினேன். மதினி கேட்டுக்கொண்டே கொதும்பைத் தள்ளினாள்.

“நீ நல்லாத்தான் சொல்லுக” என்றாள் நான் முடித்ததும். “அவ நடுவுல எதயாவது கேப்பா. அப்பந்தான் எனக்கு மனசிலாவும். எனக்குக் கேக்கத் தெரியாது.”

அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆவி பட்டிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. அந்த விடுமுறை முடியும்வரை தினமும் போனேன். எனக்கு மதினி போதவில்லை, மதினிக்கு நான் போதவில்லை. ஆனாலும் போனேன்.

நான் டிரெயினிங் முடித்து டீச்சரானேன். கோட்டாற்றில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். அவள் பிரசவத்துக்கு வந்தபோதெல்லாம் எனக்குத் தவணை நடந்துகொண்டிருந்தது. எனக்கு விடுமுறை வந்தபோது அவள் திரும்பிப் போயிருந்தாள். ஒரு தடவை ஒரு வார வித்தியாசத்தில் தவறியது. அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலை மதினி வெளியே இருந்து காட்டினாள்.

கடைசியில் ஒரு கோடையில், அவளுடைய அப்பா காலமான வருஷம், அவள் பிள்ளைகளோடு வந்து தங்கியிருந்தாள். ஒரு பிற்பகல் முழுவதும் எங்களுக்குக் கிடைத்தது. உடம்பு பூரித்திருந்தது. பேச்சில் மலையாளம் கலந்து நீண்டு ஒலித்தது. மலையாளம் எழுதவும் வாசிக்கவும் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டாளாம். கணவர் ஆபீசிலிருந்து கொண்டுவரும் பத்திரிகையை அவருக்கு முன்னால் இவள்தான் வாசிப்பாளாம். தோட்டு வழியே கயிறு ஏற்றிப் போகிற வள்ளங்கள், வெள்ளம் ஏறி வீட்டுப் படியைத் தொடுகிற ஆடி மாதத்துக் கர்க்கடக மழை, இரவல் கொடுக்கிற பக்கத்து வீட்டு வக்கீலின் புத்தக அலமாரி என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனையோ வருஷமாக அவளுக்குச் சொல்ல நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம், அவளுக்குத் தெரிந்தவையாகவே இருந்தன. அவள் தேங்கி நிற்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. என் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இனி இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கிடந்தன.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குத்தான் பள்ளிக்கூடம் அடைப்பு உண்டுல்லா. ஒரு அடைப்புக்கு வா. நான் படித்துறையில வந்து நிப்பேன். வள்ளத்துல இருந்து எறங்கினா நேரே எங்க வீடு.”

வருகிறேன் என்றேன். அடுத்த கோடையில் என் அப்பா நோயில் படுத்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் வேறொன்று. பிறகு என் கல்யாணம், பிறகு யுத்தகாலம். ஆலப்புழைக்கு நான் போகவேயில்லை. அங்கே போய்வந்தவர்கள் யாராவது வந்தால், அந்தத் தோடு எவ்வளவு அகலம், கரையில் என்ன மரம், படித்துறையில் வெயில் விழுமா என்று கேட்பேன். எதற்கு இதெல்லாம் என்று அவர்கள் பார்ப்பார்கள். அவள் வந்து நிற்கிற இடத்தில் நிழல் இருக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.